குபாத்தின் இதயத்தில் கோளாறு இல்லை

எங்கள் ஊரில் இளைஞர்களுக்கு இதயம் நின்றுவிடும். இருபத்திரண்டு வயதில் நிற்கும், இருபத்தாறில் நிற்கும். காலையில் லாரியில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றியவன் மத்தியானம் கார் ஷெட்டுக்குள் இதயம் நின்று கிடப்பான். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். தொண்ணூற்றாறில் என்னிடம் படித்து முடித்துப் போன முப்பத்தொரு பேரில் ஏழு பேருக்கு இதுவரை இதயம் நின்றிருக்கிறது. இவ்வளவு பலவீனமான இதயங்கள் ஒரே ஊரில் இருப்பது உண்மையானால், உலகத்து இதய மருத்துவர்கள் எல்லாரும் இங்கே கூடாரம் அடித்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை. வராததற்குக் காரணம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பாமிர் மலைகளைத் தாண்டி வரும் சாலை எங்கள் ஊரின் நடுவே புகுந்து ஓஷ் நகரத்துக்குப் போகிறது. ஹெராயின் அந்தச் சாலையில்தான் வருகிறது. லாரி லாரியாகக் கொண்டு போகிறவனை எவனும் நிறுத்துவதில்லை. வழியில் சிந்தியதைப் பொறுக்கி நரம்பில் ஏற்றிக்கொண்டவனைத்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். அவன் சிறைக்குப் போவான். இல்லையென்றால் அவனுக்கு இதயம் நிற்கும்.

இந்த "இதயம்" என்ற பொய்க்கு ஊரில் அழகான குரல் கொடுத்து வந்தவர் ஜூராகான்.

ஜூராகான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். கனத்த உடம்பு. இடது முழங்கால் வலி. குளோரின் தண்ணீரில் முப்பது வருடம் ஊறிய கைகள் எப்போதும் உரித்த பீட்ரூட் நிறத்தில் இருக்கும். ஆனால் அவர் வாயைத் திறந்து ஒப்பாரி எடுத்தால் தெருவில் போகிற நாய்கூட நின்றுவிடும். எங்களில் யார் இறந்தாலும் வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் எழும். ஐந்து மாடிக் கட்டடத்தில் குடியிருந்தவன் செத்தாலும் குப்பைத் தொட்டிக்கும் சிறுவர் ஊஞ்சலுக்கும் நடுவே கூடாரத்தை நிறுத்தி அவனை அதற்குள்தான் கிடத்துவார்கள். உள்ளே பெண்கள் கம்பளிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து ஒப்பாரி பாடுவார்கள். வெளியே உறவு ஆண்கள் கோல் ஊன்றிக் குனிந்து நின்று அழுவார்கள். யார் வீட்டில் கூடாரம் எழுந்தாலும் முதலில் ஆள் அனுப்புவது ஜூராகானுக்கு.

ஆயத்தப் பாட்டு எதுவும் அவரிடம் கிடையாது. செத்தவன் எப்படி வாழ்ந்தானோ அதை எடுத்துப் பாடுவார். மாஸ்கோவில் தெருக் கூட்டியவன் என்றால் அந்தத் துடைப்பம் பாட்டில் வரும். புறா வளர்த்தவன் என்றால் எந்தப் புறா திரும்பி வரவில்லை என்பது வரும்.

"எப்படிக்கா எல்லாருக்கும் ஏதாவது நல்லது கெடைக்குது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்தவங்ககிட்ட ஒரு நல்லதாவது தேடிப் புடிச்சிடலாம் வாத்தியாரே. உயிரோட திரியற ஆளுங்ககிட்டதான் ரொம்ப மெனக்கெடணும்" என்றார்.

அவர் கணவர் தோரோபெக் கந்தகக் கல் உருக்கும் ஆலையில் வேலை பார்த்தார். சோவியத் போன கையோடு ஆலை பூட்டப்பட்டது. தோரோபெக் கல்யாண வீடுகளில் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும் ஆள். அவர் எழுந்து நின்றால் கூட்டமே சிரிக்கும், மறுக்கிற விருந்தாளியும் குடிப்பான். ஆலை போன பிறகு கல்யாணம் இல்லாத நாளிலும் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு வருடத்தில் வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஜூராகான் பாடிய ஒப்பாரியில் வோட்கா வெளிப்படையாகவே இருந்தது. "காலிக் கோப்பையை நீ கண்டதில்ல, கடைசியிலே கோப்பை ஒன்ன குடிச்சிட்டுதே" என்று பாடினார். வெளியே நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். யாரும் வெட்கப்படவில்லை. வோட்கா எங்கள் வீடுகளில் விருந்தாளி. அதற்கு மேசையில் இடம் உண்டு. குர்ஆன் ஓதிய அதே வீட்டில், ஓதியவர் எழுந்து போன கால்மணி நேரத்தில் அதைத் திறப்பார்கள். அது எத்தனை பேரைக் கொன்றாலும் அதற்குக் கெட்ட பெயர் வருவதில்லை. ஊசி திருடன் மாதிரி, கொல்லைப்புறமாக வந்தது. கொல்லைப்புறமாக வந்ததற்கு ஊர் பெயர் வைக்காது.

நான்கு குளிர்காலத்துக்கு முன்னால் ஜூராகானின் மூத்த மகன் தோல்குனை அந்தத் திருடன் கொண்டு போனான். இருபத்தாறு வயது. மூச்சு நின்று உதடு நீலமாகிக் கிடந்தவனைக் கூட்டாளிகள் பனியில் உருட்டினார்கள். சமையல் உப்பைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றினார்கள். எங்கள் ஊர்ப் பையன்களின் மருத்துவம் அது. யாரோ ஒருவன் ஏதோ ஒரு சிறையில் கேட்டுவந்து சொன்னது, வேதவாக்காகிவிட்டது. நான் உப்பின் வாய்பாட்டை அந்தப் பையன்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அது ஹெராயினை ஒன்றும் செய்யாது என்பதை ஒருநாளும் எழுதிக் காட்டியதில்லை. ஆம்புலன்ஸை அவர்கள் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் அதன் பின்னால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பெயர் போதைப் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறிய பெயருக்கு அப்புறம் லைசென்ஸ் கிடையாது, வேலை கிடையாது, பெண் கிடையாது.

தன் மகனின் கூடாரத்தில் உட்கார்ந்து ஜூராகான் பாடினார்: "பறக்கிற பருந்து நீ, ஒன் இதயமா ஒன்ன விட்டுது?"

நான் வெளியே கோல் ஊன்றி நின்றிருந்தேன். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

மருத்துவமனையின் நீளத் தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை இருந்தது. ஓஷிலிருந்து வந்த நர்கிசா என்ற உஸ்பெக் பெண் அதில் உட்கார்ந்திருப்பாள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பாள். அவளிடம் ஒரு பெட்டி நிறைய மருந்துக் குப்பிகள் இருந்தன. ஹெராயினால் மூச்சு நின்றவனுக்குத் தொடையில் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பிவிடும். நலாக்சோன் என்று பெயர். அந்தப் பெட்டியில் பாதி, ஒவ்வொரு வருடமும் தேதி முடிந்து குப்பைக்குப் போனது. அதைப் பற்றி நர்கிசா சலவைக்கூடத்துக்கு வந்து புலம்பியதை ஜூராகானே பிறகு எனக்குச் சொன்னார்.

"பசங்க ஊசிக்கு வர்றாங்கக்கா. இந்த மருந்தை எடுத்துட்டுப் போன்னா பயப்படறாங்க, போலீஸ் பையைச் சோதிச்சா குப்பி மாட்டிக்குமாம். சரி, வீட்டுல இருக்கட்டும், அம்மாவை வரச் சொல்லுன்னேன். ஒரு அம்மாவாவது வரணுமே! நானே வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினேன். 'எங்க வீட்டுல அந்த மாதிரி யாரும் இல்ல, வேற வீட்டைப் பாரு'ங்கறாங்க. எந்த வீட்டுலயும் இல்லன்னா இந்த ஊசியெல்லாம் ஆடா போட்டுக்குது?"

"ஆடு போட்டுக்காது. ஆட்டுக்குப் புத்தி இருக்கு" என்றார் ஜூராகான்.

"நீங்க வந்து ஒண்ணு வாங்கிக்கங்கக்கா. நீங்க வந்தா மத்தவங்களும் வருவாங்க."

"நான் எதுக்கு? என் வீட்டுல இருந்தவன் போயிட்டான். சின்னவன் டாக்ஸி ஓட்டறான். சிகரெட்கூடக் கிடையாது."

சின்னவன் பெயர் மேதெர். ஓஷுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே பழைய ஆடி கார் ஓட்டினான். கல்யாணமாகவில்லை. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருகிற பிள்ளை.

அந்த டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுத் துணியைத் துவைக்க எடுத்தபோது ஜூராகான் மேதெரின் வெள்ளைச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கையின் உட்புறத்தில், முழங்கை மடிப்பு வருகிற இடத்தில், கடுகு அளவில் மூன்று பழுப்புப் புள்ளிகள். முப்பது வருடமாக மருத்துவமனைத் துணியில் ரத்தக் கறையைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். பிரசவ ரத்தம் எது, மூக்கு ரத்தம் எது, ஊசி குத்திய ரத்தம் எது என்று தொட்டுப் பார்க்காமலே சொல்வார். வேறொருவர் சட்டையாக இருந்தால் ஒரே நொடியில் சொல்லியிருப்பார். மகன் சட்டையை அவர் மூன்று முறை திருப்பிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் தரையில் விரித்த சாப்பாட்டுத் துணியின் முன்னால் மகனைக் கேட்டார்.

"கையைக் காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டுடா."

"பட்டறையில கம்பி குத்திருச்சு."

"கம்பி ஒரே வரிசையிலயா குத்தும்? மூணு தடவையா?"

மேதெர் ரொட்டியைக் கீழே வைத்தான். "நான் என்ன தோல்குனா? வாரத்துல ஒரு தடவ, அதுவும் கணவாய் ஏறி இறங்கின முதுகு வலிக்கு. நான் எப்ப வேணா நிறுத்திக்குவேன். நீ யாருகிட்டயாவது சொன்ன, என் லைசென்ஸ் போயிரும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து பனியைத் திங்கலாம்."

வாரத்தில் ஒரு தடவை என்றுதான் தோல்குனும் சொன்னான்.

ஜூராகான் என்ன செய்வார்? மருத்துவரிடம் போனால் மருத்துவர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அது அரசின் உத்தரவு. நோயாளியாக வருகிறவனைக் குற்றவாளியாக எழுதிக்கொள்கிற மருத்துவத்தை எந்த மூளை கண்டுபிடித்ததோ தெரியவில்லை. தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு அவர் புதன்கிழமை போனார். கதவுவரை போனார். உள்ளே மருந்துக்கடைக்காரர் மனைவி ஏதோ கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஜூராகான் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை குபாத் இறந்தான்.

குபாத் மேதெரின் சிநேகிதன், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் படித்தவர்கள். டயர் பட்டறை வைத்திருந்தான். பட்டறைக்குப் பின்னால், பனிக்குவியலில் கிடந்தான். வாசலில் உப்புப் பொட்டலம் கிழிந்து கிடந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார். குபாத்தின் அப்பா ஷாபிர் வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம், "இதயம். சின்ன வயசிலேயே லேசா இருந்துச்சு" என்றார். குபாத் மாவட்டக் குதிரைப் பந்தயத்தில் இரண்டு முறை ஜெயித்தவன்.

சனிக்கிழமை காலை கூடாரம் நின்றது. ஜூராகானுக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார். கறுப்பு வெல்வெட் அங்கி, தலையில் கறுப்புத் துணி, நொண்டிக்கொண்டே உள்ளே போனார். ஆண்கள் வரிசையில் நானும் நின்றேன். எனக்கு மூன்று ஆள் தள்ளி, கோலில் நெற்றியை வைத்து மேதெர் நின்றான். அவனுக்கு அடுத்து ஷெர்காஸி, அவனும் டயர் பட்டறைக்காரன்தான். குபாத்தைப் பனியில் கிடத்தியவர்களில் ஒருவன் அவன் என்று எல்லாருக்கும் தெரியும். வருகிற ஆண்கள் அழுது முடித்ததும் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அங்கே இறைச்சியும் இருந்தது, வோட்காவும் இருந்தது. சிலர் காலை பத்து மணிக்கே வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

உள்ளே ஜூராகானின் குரல் எழுந்தது. கம்பளிச் சுவர் தடுத்தாலும் வார்த்தைக்கு வார்த்தை கேட்டது.

"குபாத்தே, என் குதிரைக் குட்டியே,
கொட்டுற பனியிலே
அடுத்தவன் வண்டிக்கு டயர் மாட்டுன கையே..."

பெண்கள் சேர்ந்து அழுதார்கள். வழக்கம்போலத்தான் போயிற்று. அடுத்து இதயம் வர வேண்டிய இடம். எல்லாரும் அதற்குக் காத்திருந்தோம். குரல் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு, அதே ராகத்தில், அதே உரத்த குரலில் வந்தது:

"நோவு தெரியாத நெஞ்சய்யா ஒன் நெஞ்சு,
நெஞ்சு ஒன்ன கொல்லலையே!
ஊசியிலே போனவன
இதயமின்னு சொன்னோமே!
பனியிலே ஒன்ன போட்டு
உப்புத் தண்ணி ஏத்துனாங்க,
உப்பு ஒன்ன எழுப்பலையே!
எழுப்புற மருந்தொண்ணு
எங்க தாழ்வாரக் கடைசியிலே
தூசி படிஞ்சு கெடக்குதே!
என் தோல்குனுக்கும் பொய் சொன்னேன்,
பொய் சொன்ன வாயிது...
வெளியே நிக்கிற மகனே,
மேதெரே, ஒன் சட்டைக் கையி..."

அங்கே அறுந்தது. உயிரோடு இருப்பவன் பெயரை ஒப்பாரியில் எடுப்பது எங்களில் சாபத்துக்குச் சமம். குபாத்தின் அத்தை ஜூராகானின் வாயைக் கையால் பொத்திவிட்டாள்.

"வெளிய போடி! சவத்துமேல சேறு அடிக்கவா வந்த?"

கூடாரத்தின் கம்பளிக் கதவு விலகியது. இரண்டு பெண்கள் ஜூராகானைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டார்கள். தலைத்துணி அவிழ்ந்திருந்தது. ஷாபிர் கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"என் மகன் முல்லா முன்னாடி சுத்தமா போகக்கூடாதா? உன் மகன் போதைக்காரன்னா என் மகனும் போதைக்காரனா?"

"ஆமா ஷாபிர்," என்றார் ஜூராகான். "ரெண்டு பேரும்தான். உன்னுது போயிருச்சு. என்னுது இன்னும் நிக்குது, அந்தா பாரு."

எல்லாரும் மேதெரைப் பார்த்தார்கள். அவன் கோலைப் பனியில் குத்தி நட்டுவிட்டுத் தெருவோடு போனான். அன்றிலிருந்து மூன்று மாதம் அவன் அம்மாவோடு பேசவில்லை. ஷெர்காஸியின் பட்டறை மேல்மாடியில் படுத்துக்கொண்டான்.

ஊர் ஜூராகானைத் தள்ளி வைத்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருக்களில் ஐந்து கூடாரங்கள் எழுந்தன. ஒன்றுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் அவர் நின்றால் முன்னால் நிற்கிறவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். "நாய்கூடச் செத்த வீட்டுல குரைக்காது" என்று ஒருத்தி அவர் காதில் விழச் சொன்னாள். ஜூராகான், "நாய்க்கு வெக்கம் ஜாஸ்தி, எனக்கு மகன்தான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்று நடந்தது. ஒப்பாரிக்கு அடுத்த வாரம் சலவைக்கூடத்தின் பின்கதவை ஒரு பெண் தட்டினாள். கையில் அழுக்குத் துணி மூட்டை. மருத்துவமனைச் சலவையில் வெளித் துணி வாங்குவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"இந்தப் போர்வை வீட்டுல வெளுக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். மூட்டையை நீட்டினாள், விடவில்லை. "அந்த... தாழ்வாரக் கடைசியில என்னமோ சொன்னீங்களே."

ஜூராகான் மூட்டையை வாங்கினார். அரைமணி கழித்து அதே போர்வையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மடிப்புக்குள் இரண்டு குப்பிகளும் ஊசியும் இருந்தன. எங்கே குத்த வேண்டும், குத்திவிட்டு எப்படி வாயில் ஊத வேண்டும், அதன் வேலை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் ஆகையால் பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது என்றெல்லாம் நர்கிசாவிடம் கற்றதைத் தன் தொடையில் விரலை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிப்ரவரி முடிவதற்குள் பதினான்கு போர்வைகள் வந்தன. ரொட்டிக் கடையில் முதுகைத் திருப்பியவளும் ஒரு திரைச்சீலையோடு வந்தாள். இவர்களில் ஒருத்திகூடத் தெருவில் ஜூராகானைப் பார்த்துத் தலையசைக்கவில்லை.

மார்ச்சில், நவ்ரோஸ் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்துக்குள் ஷெர்காஸி ஓடிவந்தான். தொப்பி இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை.

"அக்கா! மேதெர்! உதடு நீலமாயிருச்சு!"

"உப்பு ஏத்துனீங்களா?"

"இல்லக்கா. நீங்கதான் பாடினீங்களே, உப்பு எழுப்பாதுன்னு. அதான் ஓடியாந்தேன்."

முழங்கால் வலிக்கிற அந்த மனுஷி பட்டறைவரை எப்படி ஓடினார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் அங்கியின் உள்பையில் இரண்டு குப்பிகளும் ஊசியும் டிசம்பரிலிருந்து இருந்தன. மேதெர் டயர்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். அம்மா அவன் கால்சட்டையின்மேலேயே தொடையில் குத்தினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினார். ஷெர்காஸி எண்ணினான். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது குப்பியையும் போட்டார். மறுபடி ஊதினார். மேதெரின் தொண்டையில் மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தான். உடம்பு உதறியது. வாந்தி எடுத்தான். அம்மாவைப் பார்த்தான்.

"ஏன் எழுப்பின? நல்லா இருந்துச்சு."

"தெரியும். கோப்பையப் புடுங்கினப்ப உங்கப்பனும் அப்படித்தான் சொன்னான்" என்றார் ஜூராகான். பிறகு அவன்மேல் உட்காராத குறையாக இரண்டு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் திட்டினான், கெஞ்சினான், இன்னொரு ஊசி வேண்டும் என்று அழுதான். அவர் விடவில்லை.

இதற்குப் பிறகு அவன் திருந்திவிட்டான் என்று எழுதினால் நான் பொய்யன். ஏப்ரலில் மறுபடி போட்டுக்கொண்டான். மே மாதம் தானே நடந்து போய், ஊசிக்குப் பதிலாகத் தினமும் குடிக்கிற மெத்தடோன் மருந்துக்குப் பெயர் கொடுத்தான். பெயர் பதிவேட்டில் ஏறியது. ஒரே வாரத்தில் லைசென்ஸைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்டு கணவாயில் கார் ஓட்டிய காலமெல்லாம் அவனிடம் லைசென்ஸ் இருந்தது. ஊசியை விடுகிறேன் என்று வந்த அன்று போயிற்று. லைசென்ஸைப் பறித்த அலுவலரிடம் வோட்கா வாடை அடித்தது என்று மேதெர் சொன்னான். நம்பாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. இப்போது அவன் சலவைக்கூடத்தில் மூட்டை தூக்குகிறான்.

டிசம்பரில் குபாத்துக்கு வருட நினைவு விருந்து வந்தது. எங்களில் ஒப்பாரி அன்றைக்குத்தான் முடியும். கடைசியாகப் பாடிவிட்டுக் கறுப்பைக் கழற்றுவார்கள். அதற்கு முந்தின நாள் காலை குபாத்தின் அம்மா அனார்குல் ஜூராகானின் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்தாள். கையில் மூட்டை இல்லை. நானும் ஓர் ஆணியடிக்கும் வேலையாக அங்கே இருந்தேன்.

"நாளைக்கு நீ வரணும்" என்றாள்.

"ஷாபிர்?"

"அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. ஒரு வருஷமா ராத்திரி எல்லாம் அந்த உப்பைப் பத்தித்தான் பேசறாரு."

"இதயம்னு பாட மாட்டேன் அனார்குல்."

"வேணாம். அன்னிக்கு பாதியில உன் வாயப் பொத்துனாங்களே, அதுக்கு மேல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். என் புள்ளைக்குப் பாடின பாட்டு, அரைகுறையா நிக்கக் கூடாது. முடிச்சிரு."

ஜூராகான் கதவருகே பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். பாட்டு அறுந்த இடத்தில் இருந்தது அவன் பெயர்.

"எடுக்கலாமாடா?" என்று கேட்டார். "உயிரோட இருக்கறவன் பேரு. கெட்டதும்பாங்க."

"பதிவேட்டுலயே எழுதிட்டானுங்க, செத்தா போயிட்டேன்?" என்றான் மேதெர். "பாடு." மெத்தடோன் கொடுக்கிற ஜன்னல் ஒன்பது மணிக்கு மூடிவிடும். பொத்தான் போடாத கோட்டோடு பனியில் இறங்கி வேகமாக நடந்தான்.